தாய்க்கு யார் துணை?

1978ஆம் ஆண்டு. கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் ஏழைப் பெண்கள் பிள்ளை பெறப் போகும் இடம், அந்நாட்டின் மிகப் பெரிய தாய்சேய் மருத்துவமனைகளில் ஒன்று. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வெதுவெதுப்பாக வைக்கும் இன்குபேட்டர் பெட்டிகள் அங்கே போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு, சில வேளை மூன்று குழந்தைகளைப் படுக்க வைத்தார்கள். ஒன்றுக்கு வந்த தொற்று பக்கத்தில் கிடந்ததற்கும் தொற்றியது. குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. பெற்றவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிள்ளையை வாரக்கணக்கில் உள்ளே வைத்திருந்தார்கள். பிழைத்த குழந்தைகளிலும் பலவற்றை அழைத்துப் போக யாரும் வரவில்லை.

அந்தத் தாய்மார்களைக் கல்நெஞ்சக்காரிகள் என்று சொல்லிவிடுவது எளிது. பல ஊர்களில் பல காலமாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் பிரசவ மருத்துவத்தின் கடந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் வேறொரு கதை கிடைக்கிறது. பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் விழுந்த இடைவெளியில் பெரும்பங்கு மருத்துவமனைகளும் சட்டதிட்டங்களும் உண்டாக்கியது. அவளைச் சுற்றி இருந்த மனிதர்களை அப்புறப்படுத்தியதால் வந்தது மீதி.

கதை பாரீசில் தொடங்குகிறது. ஸ்டெஃபான் தார்னியே என்ற மகப்பேறு மருத்துவர், அந்நகர விலங்குத் தோட்டத்தில் கோழிமுட்டைகளைப் பொரிக்க வைத்திருந்த வெப்பப் பெட்டியைப் பார்த்தார். குறைமாதக் குழந்தைகளுக்கும் இப்படி ஒன்று இருந்தால் என்ன என்று தோன்றியது. 1880இல் பாரீஸ் மகப்பேறு மருத்துவமனைக்கு அத்தகைய பெட்டி வந்து சேர்ந்தது. குளிரில் விறைத்துச் செத்துக்கொண்டிருந்த குழந்தைகள் பிழைக்கத் தொடங்கின. அதன் அருமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

தார்னியேயின் மாணவர் பியேர் புதேன் இன்னும் ஒரு படி மேலே யோசித்தார். 1892இல் பாரீசின் ஷாரித்தே மருத்துவமனையில் கைக்குழந்தைகளுக்கென ஒரு வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கி, தாய்மார்களை வரவழைத்து, பிள்ளைகளை எடைபோட்டு, பால் கொடுப்பது பற்றிப் பேசி அனுப்பினார். இன்று நம் ஊர் அங்கன்வாடியில் மாதாமாதம் குழந்தையை எடைபோடுகிறார்களே, அந்த வழக்கத்தின் மூத்த உறவு அது. 1900இல் வெளிவந்த தம் நூலில் புதேன் ஒரு செய்தியைப் பதிவு செய்தார். பிறந்த குழந்தைக்குத் தானே பாலூட்டிப் பேண முடியாமல் பிரிந்து கிடக்கும் தாய்க்கு, நாளடைவில் அதன்மேல் இருந்த நாட்டமே குறைந்துவிடுகிறது என்பது அவர் கண்டது. ஆகவே தாய் எந்நேரமும் பார்க்கும்படி பெட்டிக்குக் கண்ணாடி வைக்கச் சொன்னார். தாயை உள்ளே வரவிட்டு, அவளே பாலூட்ட வழிசெய்தார். குறைமாதக் குழந்தையால் உறிஞ்சிக் குடிக்க முடியாது என்பதால், பால் வற்றாதிருக்க நிறைமாதக் குழந்தை ஒன்றுக்கும் பால் கொடுக்கும்படி தாய்மார்களுக்கு யோசனை சொன்னார்.

உலகம் அவரிடமிருந்து பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டது.

1896இல் பெர்லின் நகரில் நடந்த பெரிய பொருட்காட்சியில் உயிருள்ள குறைமாதக் குழந்தைகளோடு இன்குபேட்டர்களைக் காட்சிக்கு வைத்தார்கள். கூட்டம் அலைமோதியது. பிறகு மார்ட்டின் கூனி என்பவர் அந்தக் காட்சியை அமெரிக்காவுக்குக் கொண்டு போனார். நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கேளிக்கைப் பூங்காவில் 1903 தொடங்கி நாற்பது ஆண்டுகள், ராட்டினங்களுக்கும் வேடிக்கைக் கூடாரங்களுக்கும் நடுவே, 25 சென்ட் கட்டணம் வாங்கிக்கொண்டு குழந்தைகளைக் காட்டினார். கூனியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அன்றைய அமெரிக்க மருத்துவமனைகள் பிழைக்காது என்று ஒதுக்கிய ஆயிரக்கணக்கான குழந்தைகளை, பெற்றோரிடம் ஒரு காசும் வாங்காமல் அவர் காப்பாற்றிக் கொடுத்தார். ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒன்று மாறிப் போனது. பெற்றவள் கண்ணாடிக்கு வெளியே வந்துவிட்டாள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் அவளும் ஒருத்தி.

இதே காலத்தில் பிரசவமே வீட்டைவிட்டு வெளியேறியது. 1900இல் அமெரிக்காவில் நூறு பிரசவங்களில் ஐந்துகூட மருத்துவமனையில் நடக்கவில்லை. அந்த நூற்றாண்டின் நடுவில் மிகப் பெரும்பாலானவை அங்கேதான் நடந்தன. தாய்மார்களின் உயிரிழப்பு குறைந்ததற்கு மருந்துகளும் ரத்தமேற்றும் வசதியும் அறுவைச் சிகிச்சையும் காரணம். அதற்காக மருத்துவமனைக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் வீட்டுப் பிரசவத்தின்போது அவளைச் சுற்றித் தாய், அக்காள், அண்டை வீட்டுக்காரி, மருத்துவச்சி என்று நாலு பெண்கள் இருந்தார்கள். மருத்துவமனை வாசலில் அந்த நாலு பேரும் நிறுத்தப்பட்டார்கள். வலியெடுத்தவள் முன்பின் தெரியாதவர்கள் நடுவே தனியாகக் கிடந்தாள். பிள்ளை பிறந்ததும் ஒருமுறை முகத்தைக் காட்டிவிட்டு, தொற்று வந்துவிடும் என்று வேறு அறைக்குக் கொண்டு போனார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது, முப்பது நிமிடம் பால் கொடுக்க மட்டும் குழந்தை வந்து போகும். 1970கள் வரை மேற்கத்திய மருத்துவமனைகள் பலவற்றில் இதுதான் நடைமுறை.

இந்த நடைமுறையை அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மார்ஷல் கிளவுஸ், ஜான் கெனல் என்ற இரு குழந்தை மருத்துவர்கள் கேள்வி கேட்டார்கள். தலைப்பிள்ளை பெற்ற 28 ஏழைத் தாய்மார்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான நான்கு மணி நேர ஏற்பாடு. மீதிப் பேரிடம், பிறந்த சில மணி நேரத்துக்குள் ஒரு மணி நேரமும், அடுத்த மூன்று நாள்கள் தினம் ஐந்து மணி நேரமும் குழந்தையைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து மருத்துவர் குழந்தையைப் பரிசோதித்தபோது, இந்த இரண்டாவது குழுவினர் பக்கத்திலேயே நின்று பிள்ளையைத் தேற்றினார்கள். பாலூட்டும்போது முகத்தோடு முகம் பார்த்தார்கள், அதிகம் வருடிக் கொடுத்தார்கள். 1972இல் வெளிவந்த இந்த ஆய்வு மருத்துவமனைக் கதவுகளைத் திறந்தது. குழந்தையைத் தாயின் கட்டிலருகே வைக்கும் வழக்கம் பரவ இதுவும் ஒரு காரணம்.

அதே ஆய்வு ஒரு தீங்கையும் செய்தது. பிறந்த முதல் சில மணி நேரத்தில் ஒட்டாவிட்டால் ஒட்டவே ஒட்டாது என்று அதைப் பலர் புரிந்துகொண்டார்கள். அறுவைச் சிகிச்சையால் மயங்கிக் கிடந்தவர்கள், குழந்தை தீவிர சிகிச்சையில் இருந்ததால் தொட முடியாதவர்கள், தத்தெடுத்தவர்கள் எல்லாரும் குற்ற உணர்வில் நொந்தார்கள். 28 பேரை வைத்து இவ்வளவு பெரிய முடிவு கூடாது என்று பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். டயான் ஐயர் 1992இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். கிளவுஸும் கெனலும்கூடத் தங்கள் கருத்தைத் தளர்த்திக்கொண்டார்கள்.

தாய்ப்பாசத்தைப் பற்றி எழுந்த அறிவியல் அடிக்கடி இந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கிறது. பாரம் முழுவதையும் தாயின் தலையில் ஏற்றிவிடுவதே அந்தப் பள்ளம். ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய உளமருத்துவர் 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார். தாயைப் பிரிந்த குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பதை உலகுக்கு உணர்த்திய அறிக்கை அது. பிள்ளை பெற்றவள் வேலைக்குப் போகக் கூடாது என்று வாதிட்டவர்கள் அதை வாரிக்கொண்டார்கள். அதே அறிக்கையில், பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டுமென்று நினைக்கும் சமூகம் பெற்றோரைப் பேணியாக வேண்டும் என்றும் பௌல்பி எழுதியிருந்தார். அந்தப் பாதி பலர் காதில் ஏறவில்லை.

இனி பொகோட்டா. குழந்தை மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியாவுக்கு, பெட்டிகள் வாங்கப் பணம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை. கங்காருக் குட்டி ரோமம்கூட முளைக்காமல் பிறந்து, தாயின் வயிற்றுப் பைக்குள் ஒட்டிக்கிடந்து வளர்வதைப் படித்தது அவருக்குப் பொறி தட்டியது. 1979 முதல் எக்தோர் மார்த்தினெஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். முறை இதுதான்: குழந்தைக்கு ஒரு அணையாடை, தலைக்குக் குல்லாய், காலுக்கு உறை. மற்றபடி வெற்றுடம்பு. அதைத் தாயின் இரு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி, தவளை போலக் கைகால் மடங்கியிருக்க, மூச்சு தடைபடாதபடி தலையை ஒருபக்கம் திருப்பி, கன்னம் அவள் தோலில் படும்படி வைத்து, இழுபடும் துணி ஒன்றால் இறுகக் கட்டிவிடுவது. மேலே அவள் சட்டை. இரவும் பகலும் அப்படியே. உறங்கும்போதும் முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்தபடி. அவள் உடம்புச் சூடே இன்குபேட்டர். அவள் மூச்சின் ஏற்ற இறக்கம், மூச்செடுக்க மறந்துபோகும் பிள்ளைக்கு நினைவூட்டல். குழந்தை ஓரளவு தேறி, பால் உறிஞ்சி விழுங்கக் கற்றதும், எடையைப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் கொண்டுவந்து எடை பார்க்க வேண்டும். கடைசியில் பிள்ளையே நெளிந்து, கையை வெளியே இழுத்து, கட்டை உதறத் தொடங்கும். அதுவரை கங்காருக் கட்டு தொடரும்.

கைவிடப்படும் குழந்தைகள் குறைந்தன. மார்பில் கட்டிச் சுமந்த பிள்ளையை விட்டுப் போக மனம் வரவில்லை.

தொடக்கத்தில் ரேயும் மார்த்தினெஸும் சொன்ன உயிர்பிழைப்புக் கணக்கு அறிவியல்படி நிற்கவில்லை. பிறந்த முதல் சில நாள்களில் இறந்துபோன குழந்தைகளை விட்டுவிட்டு, தப்பித்தவற்றை மட்டும் எண்ணியிருந்தார்கள். 1985இல் பொகோட்டாவை நேரில் பார்த்த ஆண்ட்ரூ வைட்லா என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதைக் கறாராகச் சுட்டிக்காட்டினார். ஆனால் தாய்மார்களுக்கு இதனால் வரும் நன்மையை அவர் மறுக்கவில்லை. பிரான்சிலிருந்து வந்த நத்தாலி ஷார்ப்பாக்கும் கொலம்பிய சகாக்களும் அந்தக் குறையைச் சரிசெய்ய முனைந்தார்கள். 1993-94இல் இரண்டு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த 746 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தார்கள். கங்காரு முறை பாதுகாப்பானது என்பது உறுதியானது.

இந்த ஆய்வின் கிளையாக, கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ரேஜான் தெசியேயும் ஷார்ப்பாக்கின் குழுவும் 488 குழந்தைகளின் தாய்மார்களைப் பற்றி 1998இல் எழுதிய கட்டுரை, இந்த வரலாற்றிலேயே முக்கியமானது என்று சொல்லலாம். பிள்ளையைச் சுமந்த தாய்மார்களுக்குத் தங்கள்மேல் நம்பிக்கை கூடியிருந்தது. என் பிள்ளையை என்னால் பார்த்துக்கொள்ள முடியும் என்ற திடம் இருந்தது. பிறந்த ஓரிரு நாளிலேயே சுமக்கத் தொடங்கியவர்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கூடவே எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது. தங்களுக்குத் துணை கிடைக்கவில்லை, தனித்து விடப்பட்டோம் என்ற உணர்வும் இவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. இருபத்துநாலு மணி நேரமும் ஒரு கிலோ உயிரை நெஞ்சில் கட்டிக்கொண்டு, அது மூச்சு விடுகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடப்பவளின் நிலை அது. அவளுக்கு யார் சோறு வடிப்பது? மூத்த பிள்ளையை யார் பள்ளிக்கு அனுப்புவது? அவள் குளிக்கப் போகும் பத்து நிமிடம் அந்தக் கட்டை யார் வாங்கிக்கொள்வது? சுமப்பவளைத் தாங்கும் ஏற்பாடும் இந்த முறையின் பிரிக்க முடியாத பகுதியாக வேண்டும் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

பொகோட்டாவில் அதற்கு வழியும் கண்டார்கள். தந்தை, பாட்டி, அத்தை யார் வேண்டுமானாலும் சட்டையைக் கழற்றிக் கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். தொடர் பரிசோதனைக்கு வரும் தாய்மார்களை ஒவ்வொருவராக மூடிய அறைக்குள் கூப்பிடாமல், எல்லாரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தார்கள். மருத்துவர் ஒரு குழந்தையைப் பார்க்கும்போது மற்ற தாய்மாரும் பார்ப்பார்கள், கேட்பார்கள். போன மாதம் இதேபோல் பயந்தவள் இன்று புதிதாக வந்தவளுக்குத் தைரியம் சொல்வாள். மருத்துவர்களின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு இந்தக் கூடம்தான் என்று தோன்றுகிறது. துணிக்கட்டைவிட இதற்கே கூடுதல் மதிப்பெண் போடலாம்.

பொகோட்டாவில் கங்காரு முறை தொடங்கிய அதே காலத்தில் குவாத்தமாலாவில் இன்னொரு கதவு திறந்தது. கிளவுஸும் கெனலும் அங்குள்ள மருத்துவர்களோடு சேர்ந்து, கூட்டம் நிரம்பிய பிரசவ வார்டில் ஒரு சோதனை செய்தார்கள். வலியெடுத்த பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். மருத்துவப் பயிற்சி எதுவும் அவளுக்குக் கிடையாது. கையைப் பிடித்துக்கொள்வாள், முதுகைத் தேய்த்துவிடுவாள், பேச்சுக் கொடுப்பாள், தனியாக விட்டுப் போகமாட்டாள். அவ்வளவுதான். 1980இல் முடிவுகள் வந்தன. தனியாக இருந்தவர்களுக்குச் சராசரியாக 19 மணி நேரத்துக்கு மேல் நீடித்த வலி, துணை இருந்தவர்களுக்கு ஒன்பது மணி நேரத்துக்குள் முடிந்தது. பிரசவம் முடிந்ததும் இவர்கள் கூடுதல் நேரம் விழித்திருந்தார்கள். பிள்ளையை அதிகம் வருடினார்கள், பார்த்துச் சிரித்தார்கள், அதனோடு பேசினார்கள். யாரும் அவர்களுக்குப் பிள்ளைப் பாசத்தைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. பயம் குறைந்ததும் கை தானாகப் பிள்ளையைத் தேடியது. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் தலைப்பிரசவத்துக்கு வந்த 189 பெண்களிடம் பின்னர் நடந்த ஆய்வும் இதையே காட்டியது. பிரசவ நேரத்தில் துணை கிடைத்தவர்களுக்கு ஆறு வாரம் கழித்துக்கூட மனச்சோர்வும் பதற்றமும் குறைவு, பாலூட்டுவதும் கூடுதல்.

நம் ஊர்க் கோயில்களிலும் மலைப்பாதைகளிலும் பார்க்கும் நாட்டுக் குரங்குக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. தென்னிந்தியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம் அது. 1960களில் நியூயார்க்கில் சார்ல்ஸ் காஃப்மன், லெனார்ட் ரோசன்ப்ளம் என்ற இருவர், அதையும் தென்கிழக்காசியாவின் பன்றிவால் குரங்கையும் கூட்டமாக வளர்த்துப் பார்த்தார்கள். பன்றிவால் குரங்குக் கூட்டத்திலிருந்து தாயை எடுத்துவிட்டால், குட்டி முதல் நாள் அலறித் தேடியது. பிறகு தலையைக் கவிழ்த்து, உடம்பைச் சுருட்டி உட்கார்ந்துவிட்டது. விளையாட்டு கிடையாது, அசைவு கிடையாது. நாட்டுக் குரங்குக் கூட்டத்தில் தாயை எடுத்தபோது கூட்டத்தின் மற்றப் பெண் குரங்குகள் குட்டியை அணைத்துக்கொண்டன. குட்டி ஒடிந்துபோகவில்லை. நாட்டுக் குரங்குகள் எப்போதும் ஒன்றோடொன்று உடம்பு உரச நெருங்கி உட்காரும் இனம், பன்றிவால் குரங்குகள் அப்படி இல்லை. ஓர் இனத்தின் குட்டிக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆள், மற்றதற்கு ஊரே உண்டு.

1984இல் ரோசன்ப்ளம் இன்னொன்றும் வெளியிட்டார். கைக்குட்டியோடு இருந்த நாட்டுக் குரங்குத் தாய்களை மூன்று வகையாக வைத்தார். ஒரு குழுவுக்கு உணவு எளிதாகக் கிடைத்தது. இன்னொன்று எப்போதும் தேடித் தோண்டி எடுக்க வேண்டும். மூன்றாவதற்கு இரண்டு வாரம் எளிது, இரண்டு வாரம் கடினம் என்று மாறி மாறி வந்தது. எந்தக் குழுவும் பட்டினி கிடக்கவில்லை. கடினமாகத் தேடிய தாய்களும் பிள்ளைகளை நன்றாகவே வளர்த்தன. நாளை எப்படியோ என்று தெரியாமல் கிடந்த மூன்றாவது குழுவில்தான் கேடு விளைந்தது. தாய்கள் குட்டிகளைக் கவனிப்பது குறைந்தது. தங்களுக்குள் அதிகாரப் போட்டி கூடி, பேன் பார்த்துக்கொள்வது குறைந்தது. குட்டிகள் தாயை விட்டு நகர அஞ்சின. குரங்கிலிருந்து மனிதருக்கு நேராகக் கோடு போட்டுவிட முடியாது. ஆனாலும் நாளைக்கு வேலை உண்டா, கடன்காரன் வருவானா, குடித்துவிட்டு வருபவன் என்ன செய்வான் என்று தெரியாமல் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் பெண்களை நினைக்காமல் இந்த ஆய்வைப் படிக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நெடுநாள் வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடித்து அழைத்து வருவார்கள். பிள்ளை பிறந்து மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் புகுந்த வீடு. நடுவில் அவளுக்குப் பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, பிரசவ லேகியம். பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவாள். இரவில் அழுதால் தூளியை ஆட்ட இன்னொரு கை. பத்தியத்தில் சில தேவையற்றவை, தீட்டு என்று மூலையில் ஒதுக்கியது தவறு, பெண்வீட்டார் தலையில் விழும் செலவு பெரிய அநியாயம். இவையெல்லாம் உண்மை. ஆயினும் பிள்ளை பெற்றவள் சில மாதம் மகளாக இருந்துகொள்ளலாம் என்ற அனுமதி அந்த வழக்கத்துக்குள் இருந்தது. அதை வேறெதுவும் ஈடு செய்யவில்லை.

தாய்வீடு இருந்தால் போதுமா என்பதற்கு வேலூர் விடை தருகிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சந்தித்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் நூற்றுக்குப் பதினொரு பெண்கள் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். எதனால்? குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்ச்சிகள், வேலைக்கு ஒத்தாசையாக ஆள் இல்லாமை. மாமியாரை எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். பெற்றோரும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். துணை என்று பெயர் வைத்துக் கூடவே இருந்து குத்திக்காட்டும் வீடு, ஆளில்லாத வீட்டைவிட மோசமாகிவிடும். பெண் பிறந்தால் வீடே முகம் திருப்பிக்கொள்ளும் கொடுமை எந்த எல்லைவரை போனது என்பதற்கு, பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் சேலத்தில் தொடங்க வேண்டி வந்ததே சாட்சி. அங்கே தொட்டிலில் இடப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் பின்னால் தாய் மட்டும் இல்லை, அவள் வாயை அடைத்த ஒரு வீடும் தெருவும் இருந்தன.

பிரசவத்தை ஒட்டி வரும் இந்த மனச்சோர்வு தீராத நோய் அன்று. ஆத்திஃப் ரஹ்மான் என்ற உளமருத்துவரின் குழு, பாகிஸ்தானின் ராவல்பிண்டி வட்டாரக் கிராமங்களில் வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு, நம் கிராம சுகாதார செவிலியர் போன்றவர்களுக்கு, எளிய பேச்சு முறை ஒன்றைக் கற்றுக் கொடுத்தது. பெண்ணை மனநோயாளி என்று தனியே பிரிக்காமல், பிள்ளையின் நலம் என்ற பொதுப் பேச்சில் தொடங்கி, குடும்பத்தாரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். 2008இல் வந்த முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதமானபோது மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்த தாய்மாரில், மற்ற ஊர்களில் 53 விழுக்காட்டினர் இன்னும் அதிலேயே இருந்தார்கள். இந்த முறை நடந்த ஊர்களில் 23 விழுக்காடு. குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி கூடியது, தாயும் தந்தையும் பிள்ளையோடு விளையாடும் நேரம் கூடியது.

புதேன் 1900இல் எழுதியது மருத்துவமனைகளின் உள்கட்டமைப்புக்கு வந்து சேர நூற்றிருபது ஆண்டுகள் ஆயின. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையோடு கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளின் மருத்துவமனைகளும் சேர்ந்து 3,211 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தின. எடை ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். பிறந்த உடனே, குழந்தை தேறும்வரை காத்திராமல், தாயோ அவள் கைகாட்டிய உறவுக்காரியோ மார்பில் கட்டிக்கொண்டார்கள். முதல் 28 நாளில் இறப்பு, வழக்கமான முறையில் 15.7 விழுக்காடு, இதில் 12. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் மற்றக் குழந்தைகளுக்கு இதை மறுப்பது நியாயமில்லை என்று ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். முடிவு வெளியானது 2021இல். அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை மாற்றியது. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நூறாண்டாகத் தாயை நிறுத்திவைத்த நியாயம் அத்தோடு காலாவதியாகிவிட்டது.

தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலம் இல்லை. 1987இலேயே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித் திட்டம் 300 ரூபாயுடன் தொடங்கியது; 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று உயர்ந்தது. அரசு மருத்துவமனைப் பிரசவ அறைக்குள் பெண் துணை ஒருவரை அனுமதிக்கும் திட்டத்தை 2004இலேயே இங்கு கொண்டுவந்தார்கள். இந்திய அரசு அதைச் செய்தது 2016இல். அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு உண்டு.

ஆனால் பனியன் கம்பெனியிலும், சித்தாள் வேலையிலும், வயலிலும், வீட்டுவேலையிலும் இருக்கும் பெண்களில் பெரும்பாலோருக்குச் சம்பளத்தோடு ஒருநாள் விடுப்பும் கிடையாது. 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கொண்டுவந்த 26 வார விடுப்பு, நடைமுறையில் பட்டியலில் பெயரும் சம்பளச் சீட்டும் உள்ளவர்களுக்கு மட்டும். கணவனுக்குத் தனியார் துறையில் சட்டப்படி ஒருநாளும் இல்லை. தாய்வீட்டிலோ, பாட்டியும் இன்று நூறு நாள் வேலைக்கோ கம்பெனிக்கோ போய்க்கொண்டிருக்கிறாள். வேலை தேடி ஊர் மாறிய குடும்பங்களுக்குத் தாய்வீடு ஓர் இரவு ரயில் தூரத்தில் இருக்கிறது.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் தாய்க்கு ஒரு கட்டில் வேண்டும். துணைக்கு வருபவளுக்கு உட்கார நாற்காலியும் ஒருவேளைச் சாப்பாடும் வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்கள் வழியாகப் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதக் கூலி வேண்டும். தடுப்பூசி போட வரும் தாயிடம் பிள்ளையின் எடையைக் கேட்கும் செவிலியர், உனக்குத் தூக்கம் வருகிறதா, வீட்டில் யார் ஒத்தாசை என்று இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கப் பயிற்சியும் நேரமும் தரப்பட வேண்டும். இவற்றைச் செய்யும் பொறுப்பு அரசுடையது. செய்யும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும் பொறுப்பு நம்முடையது.